லாபுக் குழாய்நீரும் எதிர்ச்சவ்வூடு பரவலும்



மொழிமன்ற மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. குடிநீரைப் பற்றியும், அதிலும் சமையற்கட்டுச் சுவரில் மாட்டப்படும் ஓர் இயந்திரத்தைப் பற்றியும் உரையாற்ற வேண்டுமென்று பொறுப்பாளர்கள் கேட்டபோது நான் தயங்கவில்லை. ஒரு பொருளைப் பற்றித் தெளிந்த தமிழில் வினவவும் விடை சொல்லவும் நம்மிடம் சொற்கள் இல்லையாயின், அப்பொருளை விற்க வருபவர் சொல்வதே நமக்கு அறிவியலாகிவிடும். ஆர்.ஓ. என்னும் இரண்டெழுத்து நம் வீடுகளுக்குள் அவ்வாறுதான் நுழைந்தது. அவ்வெழுத்துகளை அறிந்தோர் பலர்; அவை எதனைக் குறிக்கின்றன என்று அறிந்தோர் சிலர்; நம் குழாய்நீருக்கு அது வேண்டுமா என்று கேட்டோர் மிகச் சிலர். அக்கேள்வியே இவ்வுரையின் பொருள்.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயருக்கும் நீருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலாய்மொழியில் 'லாபு' என்பது பூசணி, சுரை முதலிய காய்களைக் குறிக்கும் சொல். சுரைவடிவில் வனைந்த தண்ணீர்க் குடுவைக்கும் அதுவே பெயர். பேராக் மாநிலத்துச் சாயோங்கில் வனையப்படும் கரிய மண்குடுவையை 'லாபு சாயோங்' என்பர். வடமொழியில் சுரைக்கு 'அலாபு' என்று பெயர். மலாய்ச் சொல்லை அதனோடு உறவுபடுத்துவோர் உண்டு. நம் முன்னோரும் சுரைக்குடுக்கையில் நீர் கொண்டு நடந்தவர்களே. தண்ணீர்க் குடுவையின் பெயரைத் தாங்கிய ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தான்.

வீடு தேடி வந்து இவ்வியந்திரத்தை விற்போர் சிலர் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் நம் குழாய்நீர். மற்றொன்றில் அவர் கொணர்ந்த ஆர்.ஓ. நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சில நொடிகளிற் குழாய்நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சேறுபோல் திரளும். மற்றக் குவளையோ தெளிந்தபடியே நிற்கும். "இதைத்தான் அம்மா இத்தனை நாளும் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தீர்கள்" என்று அவர் சொல்லும்போது, அந்தத் தாயின் முகம் வாடாமல் என்ன செய்யும்? கையெழுத்துக்கு வேண்டிய தாள் அடுத்த நொடியே மேசைமேல் விரிகிறது. மாத வாடகை, ஐந்தாண்டோ ஏழாண்டோ நீளும் ஒப்பந்தம்.

அந்தச் சேறு குழாய்நீரில் இருந்ததன்று. அது கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாய்வதற்கு நீரிற் சிறிதளவேனும் உப்பு கரைந்திருக்க வேண்டும். குழாய்நீரில் அது உண்டு. ஆதலின் மின்சாரம் பாய்கிறது. பாயும்போது இரும்புக்கம்பி அரிக்கப்பட்டு, கரைந்த இரும்பு துருவாகத் திரள்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு நீக்கப்பட்டிருப்பதால் மின்சாரம் ஏறத்தாழப் பாய்வதே இல்லை, கம்பியும் கரைவதில்லை. இதனைப் பள்ளி அறிவியற் கூடத்திலேயே காட்டலாம். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டா. 9 வோல்ட் மின்கலமும் இரண்டு இரும்பாணிகளும் போதும். விற்பனையாளர் பெருமையோடு காட்டிய அதே தூயநீரில் ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டு ஆணிகளை இறக்குங்கள். சில நிமிடங்களில் அந்த நீரும் பழுப்பாகும். உப்பிட்டதால் அழுக்கு பிறந்தது என்று எவரும் சொல்லமாட்டார்.

அவர் கையில் இருக்கும் மற்றொரு கருவி பேனா வடிவிலானது. டி.டி.எஸ். மானி என்பர், நீரிற் கரைந்துள்ள திண்மங்களின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். உண்மையில் அது அளப்பது நீரின் மின்கடத்துந் திறனை. எண் அதிலிருந்து கணக்கிடப்படுகிறது. கிருமியை அது காணாது. பூச்சிமருந்தைக் காணாது. எண்ணெயையும் காணாது. கூரையில் விழுந்து பறவை எச்சத்தைக் கழுவி வரும் மழைநீரில் வைத்தால் மிகச் சிறிய எண்ணே தோன்றும். சீவிய இளநீரில் வைத்தால் ஆயிரத்தைத் தாண்டும். எண் சிறிதானால் நீர் நல்லது, பெரிதானால் தீயது என்று கொள்வோமாயின், இளநீரை நாம் நஞ்சென்று ஒதுக்க வேண்டிவரும்!

அப்படியாயின் ஆர்.ஓ. என்பது வெறும் ஏமாற்றா என்று மாணவர் கேட்கலாம். இல்லை. இருபதாம் நூற்றாண்டின் அரிய கண்டுபிடிப்புகளில் அஃதொன்று. அதன் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம்.

எலுமிச்சங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் மூடி வைத்தால், மறுநாள் காய் சுருங்கியிருக்கும். ஜாடியில் நீர் ஊறி நிற்கும். உலர்திராட்சையைத் தண்ணீரில் இட்டால் அது பருத்துவிடும். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. காயின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு நீரை விடும். உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாது. இத்தகைய சவ்வின் இருபுறமும் வெவ்வேறு செறிவுள்ள கரைசல்கள் இருப்பின், நீர் தெளிந்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்குத் தானாகவே செல்லும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைச் 'சவ்வூடு பரவல்' என்கின்றன. இலங்கையிற் 'பிரசாரணம்' என்று வழங்குவர். நம் மாணவர் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் மலாய்மொழியில் 'ஒஸ்மோசிஸ்' என்று படிப்பர். மூன்று பெயர்களுள் முதலாவதே நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்துகிறது.

செறிந்த பக்கத்தின்மேல் அழுத்தம் கொடுத்து நீரின் இயல்பான போக்கைத் தடுக்கலாம். அழுத்தத்தை மேலும் கூட்டினால் நீர் திரும்பி நடக்கும். உப்பைப் பின்னே விட்டுத் தெளிந்த பக்கத்துக்கு வரும். அதுவே எதிர்ச்சவ்வூடு பரவல். இந்தத் தொடரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கே எதுவும் 'பரவுவது' இல்லை, நீர் பிழியப்படுகிறது. தேங்காய்த் துருவலைத் துணியிலிட்டு முறுக்கிப் பால் எடுப்பதுபோல், உப்புநீரைச் சவ்வில் அழுத்தி நன்னீரைப் பிழிகிறோம். 'சவ்வுப் பிழிவு' என்று வகுப்பிற் சொல்லிப் பாருங்கள். மாணவர் உடனே புரிந்துகொள்வர். தேர்வுத்தாளில் மட்டும் பாடநூற் சொல்லை எழுதச் சொல்லுங்கள்.

சவ்வூடு பரவலை 1748ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நொல்லே என்பார் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு கண்டார். அதனைத் திருப்பி நடத்தலாம் என்பது நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது; ஏனெனில் உப்பைத் தடுக்கும் சவ்வு நீரையும் சொட்டுச் சொட்டாகவே விட்டது. 1950களின் இறுதியிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பாரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பாரும் சேர்ந்து செல்லுலோஸ் அசிட்டேட்டினால் ஒரு புதுவகைச் சவ்வைச் செய்தனர். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல். அடியில் அதனைத் தாங்கும் நுண்துளைப் பஞ்சு. உப்பைத் தடுப்பது அத்தோல் மட்டுமே. தோல் மெல்லியதாதலின் நீர் பன்மடங்கு வேகமாக வந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் இம்முறையிலமைந்த நிலையம் ஊர்மக்களுக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் அவ்வூருக்குக் குடிநீர் இரயிலில் வந்து கொண்டிருந்தது. சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருப்பெயர் என்பதைத் தமிழாசிரியர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் ஓடும் ஆர்.ஓ. இயந்திரங்களின் மூலத்தில் அப்பெயர் இருப்பதை மாணவர்க்குச் சொல்லுங்கள்.

இனிச் சில எண்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு உண்டு. அதனை எதிர்த்து நன்னீர் பிழிவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் 27 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். நடைமுறையில் அதன் இருமடங்கு கொடுக்கின்றனர். கடலோரம் வாழ்வோர்க்கு அச்செலவு தகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010இலும், தெற்கே நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய நிலையங்கள், ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் திறனோடு அமைந்தவை. நம் அண்டைநாடான சிங்கப்பூர், பயன்படுத்திய நீரையே சவ்வுகளிற் செலுத்தித் தூய்மையாக்கி, 2003 முதல் 'நியூவாட்டர்' என்று வழங்கி வருகிறது. ஆறும் ஏரியும் போதாத தீவுக்கு அது வாழ்வா சாவா என்னும் கேள்வி.

நம் மாநிலத்திலும் இச்சவ்வு இன்றியமையாத ஓர் இடம் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் நிலையங்களே அவை. ஒருவர் நான்கு மணிநேரம் படுத்திருக்கும்போது அவருடைய இரத்தத்தை நூற்றிருபது லிட்டர் அளவிலான நீர்க்கரைசல் மெல்லிய தடுப்பொன்றின் மறுபக்கத்தில் தொட்டுச் செல்கிறது. வாரத்துக்கு மூன்று முறை. நாம் குடிக்கும் நீர் குடலின் காவலைக் கடந்தே இரத்தத்தில் சேரும். அவர்க்கோ அக்காவல் இல்லை. குழாய்நீரில் நமக்குத் தீங்கு செய்யாத குளோரினும் அலுமினியமும் அவர்க்கு நஞ்சாகும். நீரிழிவு மிகுந்த நம் சமுதாயத்தில், வாரந்தோறும் அங்கே சென்றுவரும் உறவினர் இல்லாத குடும்பம் அரிதாகி வருகிறது. ஆர்.ஓ. எதற்கு என்று மாணவர் கேட்டால் அந்நிலையத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

லாபுவின் குழாய்நீருக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் ஆறுகள் மழையிற் பிறந்து, குறுகிய தொலைவு ஓடி, கடல் சேர்வன. கருங்கல் மலைகளின்மேல் ஓடும் அந்நீர் அதிக உப்பைக் கரைத்துக்கொள்வதில்லை. நம் குழாய்நீரிற் கரைந்துள்ள திண்மம் பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவிலோ அதற்குக் கீழோ நிற்கும். நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு 1,000. நீரின் சுவைக்கு 600க்குக் கீழிருந்தால் நன்று என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே கடல்நீரின் உப்பைப் பிழிவதற்கென்று பிறந்த கருவியை, உப்பே இல்லையெனத்தக்க நீருக்கு நாம் மாட்டுகிறோம். இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில், திண்மம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இவ்வியந்திரங்களைத் தடை செய்ய வேண்டுமென்று பணித்தது. உவர்நீர் மிகுந்த நாட்டிலேயே அவ்வாறு சொல்ல நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆற்றுநீர் நம்மிடம் வருமுன் அதற்குச் செய்யப்படுவதும் சிறிதன்று. நீரில் படிகாரம் போன்ற பொருளைக் கலந்தால் கலங்கல் திரண்டு அடியிற் படியும். பின் மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புவர். இந்தத் தெளிய வைக்கும் கலை நமக்குப் புதிதன்று. இல்லம் என்னும் தேற்றாமரத்தின் விதையைக் கலத்திற் தேய்த்துக் கலங்கல்நீரைத் தெளிவித்ததைக் கலித்தொகை உவமையாகவே ஆண்டிருக்கிறது. விதையும் படிகாரமும் செய்யும் வேலை ஒன்றே: மிதக்கும் நுண்மண்ணை ஒன்றோடொன்று ஒட்டவைத்து எடைகூட்டுதல்.

நம் நாட்டில் அந்நீரோடு மற்றொன்றும் சேர்கிறது. பற்சொத்தையைக் குறைப்பதற்காக ஃபுளோரைடு கலக்கும் வழக்கம் 1957இல் ஜொகூரில் தொடங்கி, 1972க்குப் பின் நாட்டுத் திட்டமாயிற்று. இன்று லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் அளவே கலக்கப்படுகிறது. நெகிரி செம்பிலானும் அதனுள் அடங்கும். ஆர்.ஓ. சவ்வு இந்த ஃபுளோரைடின் பெரும்பகுதியையும் நீக்கிவிடும். பற்பசையில் ஃபுளோரைடு உண்டு என்பது உண்மையே. ஆயினும் நாள்தோறும் இருவேளை பல் துலக்காத பிள்ளைக்கும் பயன்படட்டும் என்றுதானே அதனை நீரிற் சேர்த்தார்கள்?

இதே ஃபுளோரைடு தமிழ்நாட்டில் வேறு முகம் காட்டுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடிநீரிற் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு மிகுதி. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 1.5 மில்லிகிராம், அதனைக் கடந்த நீரைத் தலைமுறையாகக் குடித்த ஊர்களில் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன, முதியோரின் எலும்பு வளைந்து மூட்டு இறுகியது. அங்கே சவ்வு ஒரு மருந்துதான். எனினும் அரசு வீட்டுக்கொரு இயந்திரம் கொடுக்கவில்லை. ஒகேனக்கலிலிருந்து காவிரிநீரைக் குழாயிற் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தை 2013இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கிணற்றுநீர் கெட்ட இடத்திலும் தீர்வு ஊர்க்குழாயில்தான் தேடப்பட்டது. இலங்கையின் அனுராதபுரப் பகுதியிற் சிறுநீரக நோய் பரவிய சிற்றூர்களிலும் ஊர்ப்பொதுவான ஆர்.ஓ. நிலையங்களையே அமைத்தனர், மக்கள் குடமெடுத்து வந்து நீர் பிடிக்கின்றனர்.

வீட்டியந்திரத்தின் உள்ளமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மண்ணைப் பிடிக்கும் பஞ்சுக்குழல், அடுத்து மணத்தையும் குளோரினையும் உறிஞ்சும் கரி, அதன்பின் சவ்வு, கடைசியில் ஒரு சேமிப்புக் கலம். இக்காலச் சவ்வுக்குக் குளோரின் பகை என்பதால் கரி முன்னே நிற்கிறது. விளைவு, சேமிப்புக் கலத்தை அடையும் நீரில் கிருமியைத் தடுக்கும் குளோரின் துளியும் இல்லை. கலத்தைக் கழுவாமலும் குழல்களை உரிய காலத்தில் மாற்றாமலும் விட்டால், வாங்கிய இயந்திரமே கிருமி வளர்க்கும் இடமாகும். ஒரு லிட்டர் தூயநீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடையிற் சேர்கிறது. ஐவர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் எடுத்தால், மூன்று மடங்குக் கணக்கில் 45 லிட்டர் வீண். மாதத்துக்கு 1,350 லிட்டர். அந்த வீண்நீரும் லாபுவில் நல்ல நீரே. வாங்கிவிட்டவர்கள் அதனைச் செடிக்கு ஊற்றுங்கள், தரை கழுவுங்கள்.

மற்றொரு பக்கத்து மிகைப்பேச்சையும் நான் ஏற்பதில்லை. ஆர்.ஓ. நீர் எலும்பை உருக்கும், உடற்சத்தை உறிஞ்சும் என்று கைப்பேசியிற் செய்தி அனுப்புவோர் உளர். சுண்ணச்சத்தை நாம் பெரிதும் உணவிலிருந்தே பெறுகிறோம். நம் மென்னீரில் அது முன்னரே குறைவு. இல்லாததை எந்த இயந்திரமும் எடுக்க இயலாது.

சரி, நம் குழாய்நீரில் குறையே இல்லையா? உண்டு. அக்குறை உப்பில் இல்லை. குழாயிலும் தொட்டியிலும் ஆற்றிலும் இருக்கிறது.

நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமற் போகிறது. அதிற் பெரும்பகுதி வழியிலேயே ஒழுகுவது. முன்னாளிற் புதைத்த கல்நார்ச் சிமெண்டுக் குழாய்கள் நாடெங்கும் இன்னும் உள்ளன. அவை எளிதில் வெடிக்கும். நீர் நின்றுபோகும்போது குழாயினுள் அழுத்தம் குறைந்து, வெடிப்பின் வழியே மண்ணீர் உள்ளே இழுக்கப்படும். நீர் மீண்டும் வரும்போது முதலில் செந்நிறமாய் வருவதைக் கண்டிருப்பீர்கள். இதற்குப் பஞ்சுக்குழல் போதும். பல வேளைகளில் ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டாலே போதும். அடுத்தது கூரைமேல் உள்ள தொட்டி. மூடி சரியாயில்லாத தொட்டியில் பல்லி விழும். அடியில் வண்டல் தங்கும். ஆண்டுக்கணக்கில் ஏறிப் பாராத தொட்டியின் நீரைக் கீழே ஆயிரக்கணக்கான ரிங்கிட் இயந்திரத்தால் வடிப்பது விந்தையான சிக்கனம்.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016இல் சிலாங்கூரின் செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் துர்நாற்ற மாசினால் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டது. நம் பக்கத்து நீலாய் வட்டாரத்திலிருந்து இறங்கிய மாசும் அதற்கொரு காரணமாயிற்று. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே கோங் ஆற்றில் கலந்த கழிவினால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு நிலையங்கள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு நீர் இல்லை. அவ்வீடுகளில் எத்தனையோ ஆர்.ஓ. இயந்திரங்கள் இருந்திருக்கும். குழாய் வறண்டபின் அவை எதனை வடிக்கும்? நம் லாபு ஆறு லங்காட் ஆற்றோடு சேர்ந்து சிலாங்கூர் வழியே கடலுக்குச் செல்வது. இங்கே ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் வீடமைப்பும் தொழிற்கூடமும் எழுந்து வருகின்றன. (2009 தொடக்கத்தில் லாபுவில் ஒரு விமான நிலையமே அறிவிக்கப்பட்டு, சில வாரங்களிற் கைவிடப்பட்டதைப் பெரியோர் நினைவுகூர்வர்.) நிலத்தின் பயன் மாறும்போது ஓடையில் இறங்குவதும் மாறும். அதனைக் காவல் செய்யச் சமையற்கட்டுச் சவ்வினால் இயலாது.

இது தோட்டப்புறம், இங்கே நீருக்கு வரலாறு உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த தொடக்க ஆண்டுகளில், காடழித்த இடத்து ஓடையும் மூடாத கிணறுமே லயன்களின் குடிநீர். மலேரியாவோடு சீதபேதியும் வாந்திபேதியும் சேர்ந்து கொண்டுபோன உயிர்கள் ஏராளம். அந்த ஆட்கள் எவரும் தம் கைக்காசால் நீரைத் தூய்மை செய்துகொள்ள முடியாது. நீர் தருவது வேலை தருபவரின் கடமை என்று சட்டம் சொல்லத் தொடங்கியபின்னரே நிலைமை மாறியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தர வேண்டுமென்று நிர்வாகத்தைப் பணித்தது. பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்ற காலத்தைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். அவ்வரிசையில் சண்டையும் உண்டு. ஆனால் குழாயில் நீர் கலங்கி வந்தால் வரிசை முழுதும் கிராணியிடம் சென்று கேட்டது.

இன்று நம்மவர் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தோட்ட லயன்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், இந்தியாவிலிருந்து புதிதாய் வந்தோர் எனப் பிறர் வாழ்கின்றனர். தாமானில் ஒவ்வொரு வீடும் தன் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினால், குழாயிற் செந்நீர் வரும் நாளில் புகார் செய்ய யார் எஞ்சுவர்? இயந்திரம் வாங்க இயலாத அந்த லயன் குடும்பம் அதே நீரைத்தான் குடிக்கிறது. ஓரிரு சென்னுக்கு ஒரு குடம் நல்ல நீரை வீட்டு வாயிலில் கொண்டுவந்து தரும் அமைப்பு எளிதிற் கிடைத்ததன்று. வசதியுள்ளோர் அதன்மேல் அக்கறை இழந்தால் அது மெல்லச் சீர்கெடும். என் கவலை இதுவே. இயந்திரத்தின் விலை இரண்டாவது.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். மாநில நீர் நிறுவனத்தின் குழாய் எட்டாத வீடுகளிற் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பியிருப்போர், நீரை ஆய்வுக்குக் கொடுத்துப் பார்த்த பின்பே எக்கருவி என்று முடிவு செய்ய வேண்டும். இரும்பு மிகுந்த கிணற்றுநீரை நேரே சவ்வில் விட்டால் சவ்வு அடைபட்டுப் பாழாகும்; முதலிற் காற்றூட்டி மணலில் வடிக்க வேண்டும். கிருமிக்கு அஞ்சுவோர்க்குக் கொதிக்க வைப்பதே இன்றும் சிறந்த வழி. நீர் தளதளவென்று கொதி வந்தாற் போதும். கொதிப்பதால் உப்போ உலோகமோ நீங்காது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குளோரின் மணம் பிடிக்காதவர்க்கு ஒரு கரிவடிகட்டி போதும். அல்லது நீரைப் பானையில் ஊற்றிச் சில மணிநேரம் வைத்திருந்தாலே மணம் பெரும்பாலும் அகலும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கிர்பி, லாபு என்று தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்கும் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு டி.டி.எஸ். மானியை வாங்கி வையுங்கள். அதன் விலை சிறிது. பள்ளிக் குழாய், தொட்டிக்கு முன்னும் பின்னும், மழைநீர், ஓடைநீர், இளநீர், ஆர்.ஓ. நீர் ஆகியவற்றை மாணவர் அளந்து தமிழில் அட்டவணை எழுதட்டும். அளந்தபின் அந்த மானி எவற்றைக் காணவில்லை என்பதையும் எழுதட்டும். தண்ணீர் நின்று திரும்பிய நாட்களை வகுப்புச் சுவரில் ஒரு நாட்காட்டியிற் குறித்து வரலாம். செந்நீர் வந்த நாளில் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, நாளும் நேரமும் இடமும் ஒட்டி, மாநில நீர் நிறுவனத்துக்கு மாணவரைக் கொண்டே கடிதம் எழுதச் செய்யலாம். 'சைன்ஸ்' என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்நிறுவனத்தின் பெயர் மலாயில் அறிவியலையும் குறிக்கும் என்பதால் மாணவர்க்கு முகவரி மறக்காது. கடிதம் மலாயில் போகட்டும். அதன் வரைவு தமிழ் வகுப்பிலும் ஒருமுறை எழுதப்படட்டும்.

இரண்டு இரும்பாணியும் ஒரு மின்கலமும் இன்று கொணர்ந்திருக்கிறேன். விருப்பமுள்ள மாணவர் மேடைக்கு வரலாம். உப்பு மட்டும் உங்கள் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வேண்டும்.